சாம்பல் போட்டு மினுக்கிய கண்ணாடி

நான் வேலை செய்த ஆசுபத்திரிகளில் ஒன்றுக்கு அண்மையில் ஒரு புதிய இயந்திரம் வந்திருக்கிறது. பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். மாதிரியை உள்ளே வைத்துவிட்டால் பற்றீரியாவின் பெயரும், அதற்கு எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்பதும் அச்சாகி வெளியே வருகிறது. குளிரூட்டிய அறை, சுழலும் கதிரை. "நல்லது, நல்லது" என்று தலையாட்டினேன். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

தேத்தண்ணீர் குடிக்கும்போது அங்கே வேலை செய்யும் பிள்ளைகளில் ஒருத்தி கேட்டாள்: "மிஸ், உங்கட காலத்தில எல்லாம் கண்ணாலதானே பாத்துச் சொன்னனீங்கள். ஒருநாளும் பிழைச்சதில்லையோ?"

"தேத்தண்ணிக்குச் சீனி காணாது" என்று நான் கதையை மாற்றிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து விளக்கைப் போட்ட பிறகுதான் வெட்கம் பிடித்தது. நல்ல கேள்வி கேட்ட பிள்ளைக்குச் சீனியைக் காட்டி ஏய்த்துவிட்டு வந்திருக்கிறேன். அவளுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். வாயால் சொல்ல எனக்கு இன்னும் வராது.

கொழும்பில் இரண்டு வருடம் ஆய்வுகூட வேலை படித்ததைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படித்தேன், விடுதிச் சோற்றைத் திட்டினேன், சித்தியடைந்தேன். அங்கே எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கண்ணாடிச் சிலைட்டில் கண்டது சந்தேகம் என்றால் பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டு, "இதை ஒருக்காப் பார்" என்போம். அவளும் பார்த்து, ஓம் என்றால்தான் எழுதுவோம். அது எவ்வளவு பெரிய சொத்து என்று வன்னிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

தொண்ணூறுகளில் என்னை வன்னியில் ஒரு ஆசுபத்திரிக்கு மாற்றினார்கள். பெயர் வேண்டாம். நெடுங்கேணியிலிருந்து மணிக்கணக்காகச் சைக்கிள் மிதிக்க வேண்டிய இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னோடு ஆய்வுகூடத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் லீவில் போனார், திரும்பவில்லை. மற்றவர் கலியாணம் முடித்துக் கனடா போய்விட்டார். நான் மிஞ்சினேன். அம்மா யாழ்ப்பாணத்தில். கடிதம் எழுதினால் பதில் வர மூன்று மாதமும் ஆகும், வராமலும் விடும். எனக்கு வந்துகொண்டிருந்த சம்பந்தங்களும் சண்டையால் யாழ்ப்பாணப் பாதை மூடியதோடு நின்றன. மாப்பிள்ளைமாருக்கு அது நல்ல சாட்டாகப் போய்விட்டது.

ஆய்வுகூடம் என்றால் ஒரு அறை, ஒரு கல் மேசை, ஒற்றைக் கண் வைத்துப் பார்க்கும் பழைய மைக்கிறஸ்கோப் ஒன்று. மின்சாரம் இல்லை. அதன் அடியில் உள்ள சிறு முகம்பார்க்கும் கண்ணாடியைத் திருப்பி வெளிச்சம் பிடிக்க வேண்டும். வெயிலை நேரே உள்ளே விட்டால் கண் போய்விடும். யன்னலுக்கு எதிரே இருந்த நோயாளர் வாட்டின் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் எனக்கு விளக்கு. காலை ஒன்பது தொடங்கிப் பிற்பகல் மூன்று வரை பார்க்கலாம். மழைக்காலத்தில் சில நாட்கள் ஒன்றுமே பார்க்க முடியாது.

பொருளாதாரத் தடைக் காலம். மருந்துக்கே வழியில்லாதபோது ஆய்வுகூடத்துக்கு யார் சாமான் அனுப்பப் போகிறார்கள்? வாய்ப்புண்ணுக்குப் பூசும் ஊதா மருந்தை வாட்டில் இரந்து வாங்கிச் சாயமாக்கினேன். காயம் துடைக்கும் ஸ்பிரிட்டால் சாயத்தைக் கழுவினேன். சிலைட்டுக்கும் வில்லைக்கும் நடுவே விட ஒரு சிறப்பு எண்ணெய் வேண்டும். அது முடிந்ததும், மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் பரஃபின் எண்ணெயை விட்டுப் பார்த்தேன். அருமையாக வேலை செய்தது. மருந்தகக்காரர் என்னிடம் அடிக்கடி, "மிஸ், இன்னும் வயிறு சரிவரேல்லையோ?" என்று கேட்பார்.

இனிப் பெரிய டொக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஓய்வு பெற்ற பிறகும் வேறு டொக்டர் இல்லை என்பதால் தங்கியவர். இரண்டு கண்ணிலும் வெண்படலம் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அதிர்ந்து பேச மாட்டார். எல்லாரையும் 'நீர்' என்பார். அறிக்கைத் துண்டை மேசையில் வைத்து, இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூக்கு முட்ட வாசிப்பார். பிழை இருந்தால் திட்ட மாட்டார். விரலை எடுக்காமல் ஒரு கேள்வி கேட்பார். திட்டினால் பரவாயில்லை என்று இருக்கும்.

நான் போன முதல் கிழமை ஒரு காயத்துச் சீழுக்குப் பற்றீரியாவின் முழுப் பெயரையும் வடிவான இங்கிலிசில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு விரலும் துண்டின் மேல் வந்தன.

"இதின்ர பேர் இதெண்டு உமக்கு ஆர் சொன்னது?"

"குலை குலையா இருந்தது சேர். ஊதா உருண்டை."

"நீர் வளர்த்துப் பாத்தனீரோ?"

"இல்லை சேர், அதுக்கு வசதி இல்லைத்தானே."

"அப்ப குலையா இருக்கிற ஊதா உருண்டை எண்டு எழுதும். பேரை நான் வைக்கிறன். இன்னும் நல்லது, படம் கீறித் தாரும். சுத்தி வேற என்ன கிடக்குதெண்டும் கீறும்."

அன்று தொடங்கியது. ஒரு சோடா மூடியை வைத்து வட்டம் இழுத்து, கண்ணுக்குத் தெரிந்ததை அதற்குள் கீறுவேன். பென்சில்களை அவரே அறுவைப் பிளேட்டால் சீவி அனுப்புவார்.

பற்றீரியா பார்வைக்குப் பெரிய அழகு இல்லை. உருண்டை, கோல், வளைந்தது, சுருண்டது, அவ்வளவுதான். அவை நிற்கும் ஒழுங்கில்தான் விசயம் இருக்கிறது. ஒன்று இரண்டாகப் பிரியும்போது எந்தப் பக்கமாகப் பிரிகிறது, பிரிந்த பிறகு ஒட்டி நிற்கிறதா விலகிப் போகிறதா என்பதைப் பொறுத்து, சில உருண்டைகள் சோடியாக நிற்கும், சில கோத்த மணிபோல வரிசையாக நிற்கும், சில குலையாகும். பிரிந்த பிறகும் பக்கத்திலேயே நிற்கிற சாதிகளைப் பார்க்க எனக்குச் சில நாட்களில் எரிச்சல் வரும். என் வீட்டாருக்கு அது வாய்க்கவில்லையே.

இந்தப் படங்கள் ஆட்களைக் காப்பாற்றியும் இருக்கின்றன. பூநகரிப் பக்கத்திலிருந்து மாட்டுவண்டியில் கிடத்திக் கொண்டுவந்த ஒரு சிறுவனின் முதுகுத்தண்டு நீரில் சோடி உருண்டைகளைப் பார்த்துக் கீறிக்கொடுத்தேன். டொக்டர் தன்னிடம் மிஞ்சியிருந்த பெனிசிலினை எல்லாம் அவனுக்கே ஏற்றினார். அவன் நடந்து போனான். பிள்ளை பெற்று மூன்றாம் நாள் காய்ச்சலில் விழுந்த ஒரு பெண்ணுக்குச் சங்கிலியாகக் கோத்த உருண்டைகளைக் கண்டேன். அவளும் பிழைத்தாள். நல்லதைச் சொல்லாமல் விட்டால் பிழையின் கனம் தெரியாது என்பதற்காக இவற்றைச் சொல்கிறேன். பெருமைக்கு அல்ல. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

சரசக்கா எங்கள் சிற்றூழியர். யாழ்ப்பாணத்திலிருந்து அந்த நாளில் குளத்துக் காணிக்கு வந்து குடியேறிய குடும்பம். ஜெயபுரத்தில் வயல். அந்த நிலமும் கைவிட்டுப் போக, நான்கு பிள்ளைகளோடு ஆசுபத்திரிச் சம்பளத்தில் வாழ்ந்தா. அறையைக் கூட்டுவதும் போத்தல் கழுவுவதும் அவவின் வேலை. மத்தியானம் தன் சோற்றில் எனக்கும் ஒரு பங்கு வைப்பா. நாள் முழுவதும் நான் வாய் திறந்து கதைப்பது அந்த அரை மணித்தியாலம்தான்.

சளிச் சோதனைக்கு ஒரு கண்டிப்பான விதி இருந்தது. சளியைப் புதுச் சிலைட்டில்தான் பூச வேண்டும். கசம், அதாவது காசநோய்க் கிருமிக்கு மெழுகுத் தோல். எவ்வளவு கழுவினாலும் கண்ணாடியை விட்டுப் போகாது. சாயம் ஏற்றியதும் நீலத்துக்குள் சிவப்புக் கோலாகத் தெரியும், மெலிந்து, சற்று வளைந்து. கசம் உள்ளது என்று கண்ட சிலைட்டுகளை எறியவும் கூடாது. வெளியிலிருந்து வரும் மேற்பார்வை அலுவலர் அவற்றைத் திரும்பப் பார்த்து, நாங்கள் சரியாகத்தான் பார்த்தோமா என்று சொல்லுவார். பாதையில் கெடுபிடி கூடியதும் அவர் வரவில்லை. நான் அவற்றை ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு மேசைக்கடியில் வைத்துக்கொண்டே வந்தேன். ஒரு வருடத்துக்கு மேல் அப்படிச் சேர்ந்தது.

ஒரு ஐப்பசியில் புதுச் சிலைட்டுகள் முடிந்துவிட்டன. லொறி வரும் வரும் என்றார்கள், வரவில்லை. "கண்ணாடி இல்லாம நான் என்னத்தைப் பாக்கிறது" என்று காலையும் மாலையும் புலம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை வந்தபோது, கல் மேசையில் சீலைத்துண்டின் மேல் சிலைட்டுகள் வரிசையாகப் பளபளத்தன.

"பழைய கண்ணாடியள் மிஸ். சவர்க்காரம் போகேல்லை எண்டு சாம்பல் போட்டு மினுக்கினனான். பாருங்கோ, புதுசு தோத்துப் போம்" என்றா சரசக்கா.

பழையது என்றால் இரத்தம் பார்த்த சிலைட்டுகளாக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். எவை என்று கேட்கவில்லை. கேட்க அரை நிமிடம் போதும். சந்தோசத்தில் கேட்க மறந்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மை இல்லை. கேட்டால் வேண்டாத பதில் வந்துவிடுமோ என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் தெரிந்திருந்தது.

அந்தக் கிழமைதான் திரேசா வந்தாள். முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பம். இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். புருசன் களப்பில் இறால் பிடிக்கப் போய்வருவான். இரண்டு மாதமாக இருமல், பின்னேரங்களில் காய்ச்சல், கழுத்தெலும்பு தெரிய மெலிவு. இடுப்பில் ஐந்து மாதப் பெண் குழந்தை. சளி எடுக்கச் சிரட்டை போன்ற சிறு கிண்ணத்தைக் கொடுத்தபோது, பிள்ளையை என்னிடம் நீட்டி, "கொஞ்சம் பிடியுங்கோ மிஸ், இவவுக்கு முன்னால இருமப் பயமா இருக்கு" என்றாள். பிடித்தேன். அது என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது.

சளியைச் சாம்பலில் மினுக்கிய சிலைட் ஒன்றில் பூசினேன். விதியை மீறுகிறேன் என்று தெரியும். வேறு கண்ணாடி இல்லை. சாயத்தை ஆவி எழும்பும்வரை சூடாக்கி, அமிலத்தால் கழுவி, நீலம் விட்டு, காயவைத்துப் பார்த்தேன். சிவப்புக் கோல்கள் இருந்தன. நிறைய இல்லை. தனியாகச் சில, இரண்டு சேர்ந்து கவட்டைபோலச் சில, சிந்திய நெருப்புக்குச்சிகள்போல ஒரு சிறு கட்டு. சிவப்புப் பென்சிலால் வட்டத்துக்குள் கீறினேன். நேரம் மூன்று மணி ஆகிக்கொண்டிருந்தது. கோல்களை மட்டும் கீறினேன்.

டொக்டர் துண்டின் மேல் விரல் வைத்தார். "சளி எங்க?"

"இருக்குது சேர். கீறேல்லை, அவ்வளவுதான்."

துண்டைக் கோப்பில் வைத்தார். பிறகு, "நாளைக்கும் ஒருக்காப் பாரும்" என்றார். அடுத்த நாளும் பார்த்தேன். அதே மினுக்கிய சிலைட்டுகளில் இன்னொன்று. அதிலும் இருந்தன. எக்ஸ்ரே எடுக்க வழியில்லை. கசம் என்று மருந்து தொடங்கினார்.

வாட்டுக்குப் பின்னால் தனிக் கொட்டிலில் திரேசாவை விட்டார்கள். தாய்ப்பால் கொடுக்கலாம், பிள்ளைக்கும் காவலாக மருந்து தருகிறேன் என்று டொக்டர் தெளிவாகச் சொன்னார். மச்சாள், புருசனின் தமக்கை, கேட்கவில்லை. "கசக்காரியின்ர பாலை எங்கட பிள்ளைக்குக் குடுக்கிறதோ?" என்றா. அந்த மனுசி தன் மகனின் கண் வைத்தியத்துக்கு வவுனியா போக, வன்னியை விட்டு வெளியேறும் அனுமதிப் பாஸ் எடுத்து வைத்திருந்தா. பிள்ளையையும் கொண்டுபோகிறேன், சுகமானதும் தருகிறேன் என்றா.

திரேசா என் யன்னலுக்கு வந்தாள். "மிஸ், நீங்கள்தானே கிருமியைக் கண்ணால கண்டனீங்கள். உண்மையைச் சொல்லுங்கோ, பிள்ளைக்கு ஒட்டுமோ?"

டொக்டர் சொன்னதையே நானும் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கண்டவள் நானல்லவா. அந்தக் கர்வத்தில், "கவனமா இருக்கிறது நல்லதுதான்" என்றேன்.

அடுத்த நாள் ஆசுபத்திரிப் படலையடியில் பிள்ளையை மச்சாளின் கையில் கொடுத்தாள். பிள்ளை அழவில்லை. திரேசாவும் அழவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, பஸ் போன பிறகும் அங்கேயே நின்றாள். இரண்டு கிழமையில் வவுனியாப் பாதையும் மூடிவிட்டது.

மார்கழி முடிவில் கசத் திட்டத்திலிருந்து புதிய சிவப்புச் சாயம் ஒரு போத்தல், மூடிய பாதையைத் தாண்டி எப்படியோ வந்து சேர்ந்தது. சிலைட் வரவில்லை. புதுச் சாயம் வந்தால் வெறும் சிலைட் ஒன்றில் ஒன்றும் பூசாமல் சாயம் ஏற்றிப் பார்ப்பது முறை. சாயத்தில் அழுக்கு இருந்தால் அதில் தெரிந்துவிடும். மினுக்கிய சிலைட்டுகளில் ஒன்றை எடுத்து ஏற்றினேன். மழை விட்டு நல்ல வெளிச்சம் வந்த காலை. குனிந்து பார்த்தேன்.

சிவப்புக் கோல்கள் கிடந்தன. சளி இல்லை, சீழ் இல்லை, மனித உடம்பின் கலம், ஒரு செல்கூட இல்லை. ஒருவரும் இருமாத கண்ணாடியில், தனியாகவும் கவட்டையாகவும் கட்டாகவும் அவை கிடந்தன. முதலில் சாயம் பழுது என்று நினைத்தேன். பிறகு மேசைக்கடியில் குனிந்து பிஸ்கட் தகரத்தை இழுத்தேன். அது பாரமில்லாமல் வந்தது.

"ஓம் மிஸ், அதுக்குள்ள கிடந்ததுகள்தான். தூசி பிடிச்சுப்போய்க் கிடந்துது. நீங்கள் கண்ணாடி இல்லை எண்டு நெடுகக் கவலைப்பட்டீங்கள்" என்றா சரசக்கா. என் முகத்தைப் பார்த்ததும் அவவின் குரல் இறங்கியது. "ஏன் மிஸ், பிழையே?"

நான் திரேசாவின் இரண்டு சிலைட்டுகளையும் எடுத்தேன். இந்தத் தடவை கோலை மட்டும் பார்க்கவில்லை. சளியின் கலங்கள் துலக்கமாகத் தெரியும்போது கோல்கள் மங்கின. மைக்கிறஸ்கோப்பின் திருகியை மயிரளவு திருப்பினால் கோல்கள் துலங்கின, கலங்கள் மங்கின. கோல்கள் சளிக்குள் இல்லை. சளிக்குக் கீழே, கண்ணாடியில், சாம்பல் கீறிய கீறல்களின் ஓரமாகக் கிடந்தன. டொக்டர் கேட்டபடி சுற்றி உள்ளதையும் கீறியிருந்தால், அன்றைக்கே என் கை அதைக் கண்டிருக்கும். அவள் சளியில் கசம் இல்லை. எவருடையதோ பழைய கசத்தை அவளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

மினுக்கிய சிலைட்டுகளில் சளி பூசியது அவளுக்கும் ஒரு கிழவருக்கும்தான். கிழவருடையதைத் திரும்பப் பார்த்தேன், அதில் ஒட்டியிருந்தது சாம்பலோடு போய்விட்டதாக்கும், ஒன்றும் இல்லை. திரேசா மட்டும்தான்.

சரசக்கா கதவைச் சாத்திவிட்டு என் காலடியில் இருந்தா. "மிஸ், சொல்லாதேங்கோ. என்னை நிப்பாட்டிப் போடுவினம். நாலு பிள்ளையள். நீங்கள் சொல்லாட்டி ஆருக்குத் தெரியப் போகுது?"

அவ சொன்னது சரி. அந்தக் குழாய்க்குள் கண் வைப்பவள் நான் ஒருத்தி. இன்னும் சில மாதம் மருந்து குடித்தால் திரேசா 'சுகமாகி' வீட்டுக்குப் போய்விடுவாள். நான் நன்றாகப் பார்த்தேன் என்று பெயர்கூடக் கிடைக்கும். கூப்பிட்டுக் காட்ட ஒரு பக்கத்து மேசைக்காரி இல்லை. திட்டவும் ஆள் இல்லை.  இரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும். இரண்டு முழு நாள்.

மூன்றாம் நாள் டொக்டரிடம் போய், கசச் சிலைட்டுகளைக் கழுவிப் பாவித்துவிட்டேன் என்றேன். கழுவியது யார் என்று சொல்லவில்லை. கேட்காமல் பாவித்தவள் நான்தானே. அவர் கோப்பில் திரேசாவின் படங்களைத் தேடி எடுத்து, முதலாவதின் மேல் விரல் வைத்தார்.

"நான் அண்டைக்குச் சளி எங்க எண்டு கேட்டனான்."

"ஓம் சேர்."

"கேட்டிட்டு விட்டிட்டன்." விரலை எடுத்தார். "நீர் காட்டினாலும் என்ர கண்ணுக்கு இனி அது தெரியாது. உம்மட கண்ணாலதான் நான் பாக்கிறனான். அதைத் தெரிஞ்சுகொண்டு இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருக்க வேணும்."

சுவரில் அவருடைய மருத்துவக் கல்லூரிப் படம் சட்டம் போட்டுத் தொங்கியது. அதைக் கழற்றி, படத்தை எடுத்து மேசைக்குள் வைத்துவிட்டு, கண்ணாடியை என்னிடம் தந்தார். சந்தியில் இருந்த தச்சர் அதைச் சிலைட் அளவுக்கு அறுத்துத் தந்தார். மூன்று காலை திரேசாவின் சளியை அந்தக் கண்ணாடியில் பூசிப் பார்த்தேன். நூறு இடம் பார்க்க வேண்டும் என்பது விதி. நான் முழுக் கண்ணாடியையும் பார்த்தேன். ஒரு கோலும் இல்லை. அவளுக்கு வந்தது நெஞ்சுச் சளிக் காய்ச்சலாக இருக்க வேண்டும். இருமல் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. டொக்டர் மருந்தை நிறுத்தினார். "அவவுக்கு நீர் சொல்லும்" என்றார்.

கொட்டிலில் திரேசா பாயில் இருந்து பால் பிழிந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளை வந்ததும் கொடுக்க வேண்டும் என்று அத்தனை நாளும் வற்ற விடாமல் பிழிந்து ஊற்றியிருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுக்குக் கசம் இல்லை, முதலிலிருந்தே இல்லை, கண்ணாடி பிழை, பிழை என்னுடையது என்றேன். அவள் சட்டைப் பொத்தானைப் பூட்டினாள்.

"அப்ப பிள்ளை?" என்றாள்.

பாதை திறந்ததும் வரும் என்றேன்.  அவள் பாயைச் சுருட்டினாள், கோப்பையைக் கழுவினாள், என்னைக் கடந்து போய்விட்டாள். ஏசியிருந்தால் இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் சுகமாக இருக்கும்.

சரசக்காவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அதன் பிறகு அவ என்னோடு சாப்பிடவில்லை. சோற்றை மூடி என் மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விடுவா. கோபம் இல்லை, வெட்கம். நான் இரண்டு தரம் கூப்பிட்டேன். "நீங்கள் சாப்பிடுங்கோ மிஸ்" என்றா. அந்த அரை மணித்தியாலமும் போனது. சில நாள் சிலைட்டைப் பார்த்துக்கொண்டு நானே சத்தமாகக் கதைப்பேன். சோடி, சங்கிலி, குலை என்று சொல்லிச் சொல்லிக் கீறுவேன். யாரும் கேட்டால் பைத்தியம் என்பார்கள். கேட்க யாரும் இல்லை.

பாதை திறக்க ஒன்றரை வருடத்துக்கு மேலானது. அது திறந்து சில நாளில், ஒரு காலை, ஆய்வுகூட வாசலில் திரேசா நின்றாள். உடம்பு தேறியிருந்தது. பின்னால் மச்சாள், மச்சாளின் தோளில் முகம் புதைத்தபடி இரண்டு வயதுப் பிள்ளை.

"காதில சீழ் வடியுது மிஸ். டொக்டர் உங்களிட்டை அனுப்பிவிட்டவர்."

சீழ் எடுக்கப் பிள்ளையைப் பிடிக்க வேண்டும். திரேசா கையை நீட்டினாள். பிள்ளை வீரிட்டு, மச்சாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, அம்மா" என்றது. திரேசா கையை மடக்கிக்கொண்டாள். மச்சாள்தான் பிடித்தா. அந்த மனுசி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "பழகினாச் சரிவரும்" என்று தரையைப் பார்த்துச் சொன்னா.

அப்போது புதுச் சிலைட்டுகள் வந்திருந்தன. பொதியை அவர்கள் முன்னாலேயே உடைத்தேன். பூசி, ஊதா ஏற்றி, ஸ்பிரிட்டில் கழுவி, காயவைத்துக் குனிந்தேன். மச்சாளும் பிள்ளையும் வெளியே மரத்தடிக்குப் போய்விட்டார்கள். திரேசா போகவில்லை. என் தோளுக்குப் பக்கத்தில் நின்றாள். நெடுநேரம் பார்த்தேன். உருண்டைகள், குலையாக, சீழ்க் கலங்களுக்குள்ளும் வெளியிலும். எல்லாம் ஒரே மட்டத்தில் துலக்கமாக. சுற்றியுள்ள அத்தனையையும் கீறினேன்.

"நான் பாக்கலாமோ மிஸ்?"

ஆசுபத்திரியில் அதுவரை எவரும் அப்படிக் கேட்டதில்லை. கதிரையை விட்டு எழும்பினேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை என்றாள். திருகியை அவள் விரலில் பிடித்துத் திருப்பிக் காட்டினேன். மூச்சை நிறுத்திப் பார்த்தாள்.

"மீன் சினை மாதிரிக் கிடக்குது. ஊதாச் சினை."

"ஓம். அதுதான்."

"இதுதான் பிள்ளையின்ர காதுக்குள்ள இருக்கிறதோ?"

"ஓம். இதுக்கு மருந்து இருக்கு. சுகம் வரும்."

நான் காண்பதை இன்னொருவரும் கண்டு, ஓம் என்று சொல்லிப் பல வருடமாகியிருந்தது. எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அது சந்தோசத்தில் வந்த அழுகை. அவள் கண்ணை எடுக்காமல் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, என் கையிலிருந்த படத்தை வாங்கி, தான் கண்டதோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். வெளியே மரத்தடியில் பிள்ளை சிரிக்கும் சத்தம் கேட்டது.

"அண்டைக்கும் என்னைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம் மிஸ்" என்றாள். "பிள்ளையைக் குடுக்க முந்தி நானும் ஒருக்காப் பாத்திருப்பன்."